பாலத்துக்குப் பொறுப்பானவர்

மூன்று டன்னுக்கு மேல் போகாதே என்று
அக்டோபரில் பலகை நட்டார்கள்.
நட்டது யார் என்று பலகையில் இல்லை.
என் பள்ளிப் பேருந்து பன்னிரண்டு டன்,
பிள்ளைகளைச் சேர்க்காமல்.
வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில்
தினம் இருவேளை பதினேழு மைல் சுற்றுகிறேன்.
கடைசி வீட்டு எமெட் ஷைபெல்
இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிறான்.
ஆறு வயது. கேட்டான்:
"டோர்டிஸ், பாலத்தை யாருகிட்ட கேக்கணும்?"

மாவட்ட அலுவலகத்தில் கேட்டேன். மாநிலத்தைக் கேள் என்றார்கள்.
மாநிலத்தில், மாவட்டத்தை.
காத்திருக்கச் சொல்லும் இசை மட்டும்
இரண்டு இடத்திலும் ஒன்றே.

நண்பகல் முதல் மூன்று வரை எனக்கு ஓட்டம் இல்லை.
நூலகத்தின் ஓர மேசை, இரவல் லேப்டாப்,
குளிர்கால வகுப்பில் கற்ற அரைகுறைப் பைதான்.
ஓர் இடத்தைச் சொன்னால்
அந்த மண்ணில் ஓட்டு வாங்கியவர்கள் பெயரையெல்லாம்
திருப்பித் தரும் ஏபிஐ ஒன்று உண்டாம்.
கோரிக்கை அனுப்பு என்கிறது கையேடு.
கோரிக்கை!
கை கட்டாமல், வரிசையில் நிற்காமல்
மேலே போகும் ஒற்றை வரி.

முதல் பதில் நானூற்று ஒன்று: நீ யார்?
சாவியை ஒட்ட மறந்திருந்தேன்.
முப்பத்திரண்டு எழுத்துச் சாவி. ஒட்டினேன்.
அடுத்தது நானூறு: கேட்டதே பிழை.
ஒரு மேற்கோள்குறி திறந்தே கிடந்தது,
பனிக்காற்றில் சாத்தாத கொட்டகைக் கதவு போல.
சாத்தினேன்.
நானூற்று நான்கு.
கிராமத் தபால் வழி இரண்டு, பெட்டி அறுபத்தொன்று
என்றொரு இடமே இல்லையாம்.
இருபத்தாறு வருடமாக
நான் அங்கேதான் தூங்கி எழுகிறேன்.

அதோடு வாதாட முடியாது.
பிக்கப்பை எடுத்துக்கொண்டு பாலத்துக்கே போனேன்.
பலகைக்குப் பக்கத்தில் நின்று
கையுறையைப் பல்லால் கழற்றி
அட்சமும் தீர்க்கமும் உள்ளங்கையில் எழுதினேன்.
திரும்பி வந்து தட்டும்போது
ஒரு ஏழு ஒன்றாகி,
கோரிக்கை ஏதோ ஏரி நடுவில் விழுந்தது.
ஏரிக்கும் ஓர் உறுப்பினர் இருந்தார்.

பிறகு, இருநூறு.
சரி என்று அர்த்தம்.
நெளிந்த அடைப்புக்குள் அடைப்பாக
இறங்கியது பட்டியல்.
வாஷிங்டனில் மூவர், பிஸ்மார்க்கில் மூவர்,
மாவட்ட ஆணையர்கள், ஒருவர் தவிர எல்லோருக்கும்
ஒரே மின்னஞ்சல்.
படம், கட்சி, பழைய தொலைநகல் எண்கூட.
பாலம் யார் கணக்கிலும் இல்லை.
எல்லாவற்றுக்கும் அடியில்
நகம் அளவு ஒரு பதிவு:
பதவி, டவுன்ஷிப் மேற்பார்வையாளர், சாலைகளும் பாலங்களும்.
தேர்வான விதம், வாக்குச்சீட்டில் கையால் எழுதிய பெயர்.
பெற்ற ஓட்டு, நான்கு.
தொலைபேசி, நல்.
ஒன்றுமில்லை என்பதற்கு அந்த மொழியில் நல்.
பெயர், டோர்டிஸ் ட்வைட்.

ஓர் எழுத்துத்தான் மாறியிருந்தது.
மறுபடி ஓட்டினேன்.
மறுபடியும் நானே.

மார்ச்சில் ஒரு பழுப்பு உறை வந்தது ஞாபகம்.
விதைக் கம்பெனி விளம்பரம் என்று அடுப்பில் போட்டேன்.
நன்றாகவே எரிந்தது.
நான்கு ஓட்டு.
ஷைபெல் வீட்டில் இரண்டு, பெட்ரோல் பங்க் லவோன் ஒன்று.
நான்காவது யாரென்று பிடிபடவில்லை.
என்னைப் பிடிக்காதவராகவும் இருக்கலாம்.

அதற்குள் என் நிரல்
சொன்ன வேலையை முடித்திருந்தது.
பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம்.
பிரிண்டர் கடைசியாகத் துப்பிய தாளில்:
"மதிப்பிற்குரிய டோர்டிஸ் ட்வைட் அவர்களுக்கு,
ஆறு வயதுப் பையன் ஒருவன் இருட்டில் நிற்கிறான்.
தாங்கள் இதுவரை என்ன செய்தீர்கள்
என்று அறிய விரும்புகிறேன்."
காரமான கடிதம். நேற்றுக் கோபத்தில் நானே எழுதியது.
கையெழுத்துப் போடும் இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
போட்டேன். தபால்தலையும் ஒட்டினேன்,
மற்றவர்களுக்கு ஒட்டியது போலவே.

மூன்று மணி. பஸ்ஸைக் கிளப்பினேன்.
எமெட் முதல் சீட்டில் வந்து உட்கார்ந்தான்.
"கண்டுபுடிச்சாச்சா?"
"ஆச்சு."
"நல்லவங்களா?"
"தெரியலை. லெட்டர் போட்டிருக்கேன்.
பதில் வருதான்னு பார்ப்போம்."

பலகையருகே வேகம் குறைத்து
ஸ்டியரிங்கை ஒடித்தேன்.
கண்ணாடியில் பாலம்
ரொம்ப நேரம் தெரிந்தது.